மீசையில் போட்ட முடிச்சு

"ஏன் அத்தே, உன் வீட்டுல மட்டும் வெளக்கே ஏத்த மாட்டேன்ற?"

ஆறு வயதில் பூவராகவன் கேட்ட கேள்வி அது. பிள்ளையார்பாளையத்தில் கூலிக்குப் பட்டு நூல் இழைத்துக்கொண்டிருந்த அன்னம்மாள், கஞ்சிக் கலயத்தை அவன் பக்கம் நகர்த்திவிட்டுச் சிரித்தாள்.

"எண்ணெ விக்கிற வெலையில வெளக்கு ஒண்ணுதான் கேடு. இருட்டானா என்னாபா, கஞ்சிக்கு உன் வாய் தெரியாமலா பூடும்?"

தாயில்லாத பிள்ளை. அந்தக் கஞ்சியில்தான் வளர்ந்தான்.

இப்போது அவனுக்கு இருபது வயது. காசிநாதன் நடத்தும் நாடகக் கம்பெனியில் பாட்டுக் கட்டினான், ஆர்மோனியம் வாசித்தான், ஸ்திரீ பார்ட்டும் போட்டான். கம்பெனி முதல் தடவையாக அவன் சொந்த ஊரில் கொட்டகை போட்ட அன்றைக்கென்று அவனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

"பாட்டும் வராது, வசனமும் வராது. உன்னெ வெச்சிக்கினு நான் என்னா பண்றது?" காசிநாதன் வெற்றிலையைத் துப்பினார். "சாயங்காலம் ஜனம் சிரிக்கணும். இல்லேன்னா விடிஞ்சதும் மூட்டையெக் கட்டிக்கினு கூரத்து வயல்ல களை புடுங்கப் போ."

"பேசாமலே சிரிக்க வெச்சா?" என்றான் பூவராகவன், கரகரத்த குரலில்.

"வெய்யி, பாக்கலாம்."

கொட்டகை நிறைய நெசவாளர்கள். பூவராகவன் முக்காடு போட்டுக்கொண்டு மேடை நடுவில் உட்கார்ந்தான். இல்லாத ராட்டையைச் சுற்றினான். இல்லாத இழை அறுந்தது. கழுத்தைத் தூக்கி, கண்ணை எங்கோ மேலே நிறுத்தி, பத்து விரலாலும் காற்றில் அதைத் தேடினான். ஆள் யாரென்று கொட்டகைக்கே தெரிந்துவிட்டது. முதல் சிரிப்பு கிளம்பியது.

பட்டு முதலாளி வேஷக்காரர் பக்கத்தில் நின்றிருந்தார். அவனுடைய விரல்கள் அவர் தொப்பையில் ஏறி, கழுத்தைக் கடந்து, முறுக்கு மீசையில் போய் நின்றன. அறுந்த இழை அகப்பட்டுவிட்டது. முகமெல்லாம் சந்தோஷத்தோடு எச்சில் தொட்டு, மீசையின் இரண்டு நுனியையும் சேர்த்து முடிச்சுப் போட்டான். கொட்டகை குலுங்கியது.

அத்தனை சத்தத்திலும் ஒரு சிரிப்பு அவனுக்குத் தனியாகக் கேட்டது. பெண்கள் பாயில், முன்வரிசையில், அன்னம்மாள் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

அவன் கை அப்படியே நின்றது.

"உடாதே. இன்னும் போடு," என்றார் படுதாவுக்குப் பின்னாலிருந்து காசிநாதன்.

பூவராகவன் இன்னும் ஒரு முடிச்சுப் போட்டான். "ஒன்ஸ்மோர்" என்று கத்தினார்கள். முதலிலிருந்து மறுபடியும் ஆடினான்.

காலையில் காசிநாதனே அவனுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். "இனிமே ஊருக்கு ஊரு இந்த நூல்காரிதான்பா. நோட்டீசுல உன் பேரு கொட்டை எழுத்துல வருது."

எத்தனை நாள் ஏங்கிய பேச்சு. ஆனாலும் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் பிள்ளையார்பாளையத்துக்கு நடந்தான்.

அன்னம்மாள் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ராட்டை சுற்றிக்கொண்டிருந்தாள். "பூவராகவனா? செருப்பு சத்தமே பெரிய மனுசன் மாதிரி கேக்குதே," என்றாள், திரும்பாமலே.

அவன் எதிரில் போய் மண்டியிட்டான். "அத்தே, நேத்து நான்..."

"நேத்து நான் சிரிச்ச மாதிரி ஒருத்தரும் சிரிச்சிருக்க மாட்டாங்க. நம்ம கஞ்சி குடிச்ச புள்ளெ, கொட்டாயையே ஆட்டிப் படைக்குதேன்னு இருந்துச்சு. வயித்தெப் புடிச்சிக்கினு சிரிச்சேன்பா."

 

அப்போது ராட்டையில் இழை அறுந்தது. நுனி பறந்து அவன் முழங்காலருகே விழுந்தது. அவன் அதை மெல்ல எடுத்து, அவள் கையில் தன் கை படாமல், விரல்களுக்கு நடுவே வைத்தான்.

"ஆப்ட்டுச்சு, வரதா," என்று முணுமுணுத்தபடி அவள் எச்சில் தொட்டு முடிச்சுப் போட்டாள். அவன் செய்ததை அந்த வரதப் பெருமாளைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை.

ராட்டை மறுபடியும் சுற்றியது.

"அது கெடக்கட்டும்," என்றாள் அன்னம்மாள். "என்னா ஆடறான்னு பக்கத்துல இருந்தவளெக் கேட்டேன். யாரோ ஒரு குருடி மாதிரி ஆடறான்னு சொன்னா. பாவம், யாருபா அவ?"