அவிச்ச மண்ணு

வெளிநாட்டு ஆராய்ச்சிப் பண்ணையில, கண்ணாடி அறைக்குள்ள தனியா புழுக்களை எடை போட்டுக்கிட்டே, செல்லப்பாண்டி ஊர்ல இருக்கிற அக்காவுக்கு போன்ல வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். அன்னைக்கு அவன் வாயைத் திறந்ததே அப்பதான்.

“இங்க மண்ணை அவிச்சு, செடி வேருக்குச் சத்து எடுத்துக் குடுக்கிற பூஞ்சையெல்லாம் சோதனைக்காகக் கொன்னுடுறாங்க அக்கா.”

“இட்லிச் சட்டியிலயாடா?”

“பெரிய கொப்பரையில. அந்த மண்ணுல வர்ற இலையில சத்தே இல்ல. அம்பது வருஷம் கழிச்சு அடிக்கப்போற வெக்கையையும் இப்பவே அறைக்குள்ள வெச்சிருக்காங்க. அந்த இலையை ரெண்டு பங்கு தின்னாலும் புழு எடை ஏற மாட்டேங்குது.”

அக்காகிட்ட இருந்து பதில் வந்துச்சு. “நீயும் மூணு வேளை சாப்பிடுறேன்னுதான் சொல்ற. நீ அனுப்பின போட்டோவுல கன்னம் ஒட்டிப் போயிருக்கு. உன் எடை எவ்வளவு?”

அங்க இருந்த தராசு இருநூறு கிராமுக்கு மேல காட்டாது. செல்லப்பாண்டி புழுவை மறுபடி இலையில விட்டுட்டு, தராசுல சுண்டுவிரலை வெச்சான்.