அழ வேண்டிய இடம்

லண்டனில் நெவில் ஏறி இறங்காத படக் கம்பெனி இல்லை. கடைசியில் தயாரிப்பாளர் இமோஜன்தான் அவனுடைய கதையை முழுசாகப் படித்துவிட்டுக் கூப்பிட்டனுப்பியிருந்தாள்.

"என்ன நெவில், கறுப்பு கோட்டு, கறுப்பு டை! ஒரே வீட்டுக்குள்ள எடுக்கிற சின்னப் படத்துக்கு இவ்வளவு அலங்காரமா?"

நெவில் லேசாகச் சிரித்து வைத்தான்.

"கதை பிடிச்சிருக்கு. ஒரு இடம்தான் உறுத்துது. பெண்டாட்டியை அடக்கம் பண்ணின அன்னிக்கு ஒருத்தன் சொட்டுக் கண்ணீர் விடாம, வந்தவங்களுக்கெல்லாம் டீ போட்டுக் குடுத்து, சர்க்கரை எத்தனைன்னு கேட்டுக்கிட்டு நிப்பானா?"

"நிக்க மாட்டானா?"

"யாருங்க நம்புவா? அவனைக் கதறி அழ வைங்க. பணம் நாங்க போடறோம்."

நெவில் தன் கோப்பையில் ஆறிப்போயிருந்த டீயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி, அழ வெச்சுடறேன்."

இமோஜன் உற்சாகமாகக் கை குலுக்கினாள். "அப்புறமென்ன! வாங்க, கீழ பப்ல ஒரு பீர் அடிச்சுக் கொண்டாடலாம்."

"இன்னிக்கு வேணாம்" என்று நெவில் எழுந்தான். "ரெண்டு மணிக்கு என் மனைவியோட அடக்கம். வர்றவங்களுக்கு டீ போடணும், வீட்ல பால் இல்ல. போற வழியில வாங்கணும்."