அறிமுகத் தாளில் இல்லாத ஆறு வருஷம்

பொன்னழகுவின் தகரப் பெட்டியை நாச்சிமுத்து தோளை விட்டு இறக்கவே இல்லை.

ஒரு கை பெட்டியைத் தாங்கியிருந்தது. மறு கையில் அச்சடித்த தாள். தாளைத் தலைகீழாகத்தான் பிடித்திருந்தார். ஆனால் பிடித்த பிடியில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

பல்கலைக்கழகம் கல்லூரி மாணவர்களுக்கு நடத்தும் பத்து நாள் தலைமைப் பயிற்சி முகாம், 1962 மே மாதம் திண்டுக்கல்லில் அன்றுதான் தொடங்குகிறது. பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறவர்கள் தைரியமாகத் திரும்பிப் போகட்டும் என்று, முகாமை நடத்தும் ஐந்து பேரின் பூர்வோத்தரத்தையும் அச்சடித்து வாசலிலேயே கொடுக்க ஏற்பாடு செய்திருந்தார் முகாம் தலைவர் பேராசிரியர் ராயப்பராஜ். தாள் முழுக்கப் பட்டங்கள். அவருக்கு மட்டும் ஆறு வரி. அதில் ஒரு வரி, எப்போதோ வாங்கிய டென்னிஸ் கோப்பை.

மற்றவர்கள் தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

நாச்சிமுத்து அப்படி லேசில் நகர்கிற ஆள் இல்லை. முப்பது வருஷமாக அய்யலூர்ச் சந்தையில் ஆடு வாங்கி விற்கிறவர். எந்தக் காட்டில் மேய்ந்தது, போன கோடையில் எங்கே கிடந்தது, இப்போது ஏன் விற்கிறாய் என்று மூன்று கேள்வி கேட்காமல் ஒரு குட்டியைக்கூட அவிழ்க்கமாட்டார்.

“வாசி தாயி,” என்று தாளைப் பொன்னழகுவிடம் கொடுத்தார்.

அவள் வாசித்தாள். டென்னிஸ் கோப்பைக்கு, போனால் போகட்டும் என்பதுபோல “சரி” என்றார். உடற்பயிற்சி ஆசிரியர் சடையாண்டி பட்டாளத்தில் ஏழு வருஷம் இருந்தவர் என்றதும், பட்டாளத்தை விட்டு ஏன் வந்தார் என்று அவரிடமே கேட்டார். முட்டி தேய்ந்துபோனதைச் சடையாண்டி ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

கடைசிப் பெயர் குர்ஷித் பேகம். பெண்கள் பிரிவுப் பொறுப்பாளர். ஊர் பேகம்பூர். 1945-ல் எட்டாம் வகுப்பு, 1954-ல் பள்ளி இறுதியான பதினோராம் வகுப்பு, 1958-ல் பி.ஏ.

“இரு,” என்றார் நாச்சிமுத்து.

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த குர்ஷித் பேகம் நிமிர்ந்து பார்த்தாள்.

“எட்டுல இருந்து பள்ளிக்கூடம் முடிக்க மூணு வருசந்தான? இவுகளுக்கு ஒம்பதாயிருக்கு. நடுவுல ஆறு வருசம் எங்க போச்சு?”

அந்தத் தாளைப் பேராசிரியர் பார்த்திருந்தார். அச்சகத்தில் இரண்டு முறை திருத்தியிருந்தார்கள். பல்கலைக்கழகத்தில் நாலு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அத்தனை படித்தவர்களின் கண்ணுக்கும் தப்பியது, எழுதப் படிக்கத் தெரியாதவரின் காதுக்குத் தப்பவில்லை.

குர்ஷித் பேகம் அதை வேண்டுமென்றேதான் விட்டிருந்தாள். நல்ல காரியம் தொடங்குகிற நாளில் அதையெல்லாம் சொன்னால் பெற்றவர்கள் முகம் சுளிப்பார்கள், பெண்ணைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயம். எட்டுப் பெண்களாவது சேர்ந்தால்தான் பெண்கள் பிரிவு நடக்கும் என்று பல்கலைக்கழகம் கறாராகச் சொல்லியிருந்தது. ஏழு பேர் சேர்ந்தாயிற்று. பொன்னழகு எட்டாவது.

“அது அச்சுப் பிழை, பெரியவரே,” என்று ராயப்பராஜ் சட்டென்று குறுக்கே வந்தார்.

அதைப் பிடித்துக்கொண்டு குர்ஷித் பேகம் தப்பித்திருக்கலாம். ஆனால் பொன்னழகு தாளை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றப் பெண்களைவிட நாலைந்து வயது மூத்தவளாகத் தெரிந்தாள். அந்த முகத்துக்கு எதிரே பொய் சொல்ல குர்ஷித் பேகத்துக்கு வாய் வரவில்லை.

“அச்சுப் பிழை இல்லய்யா. பதினாலு வயசுல என்னைக் கட்டிக் குடுத்தாக. மறு வருசமே அவுக மவுத்தாயிட்டாக. கைம்பொண்ணா வீட்டுக்குள்ளயே கெடந்தேன். இருவது வயசுல என்னப் பெத்த அத்தாகிட்ட அழுது அடம்புடிச்சு, ஒம்பதாங் கிளாசுக்குத் திரும்பப் போனேன்.”

ராயப்பராஜ் பேனாவை மூடிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

நாச்சிமுத்து அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“சின்னப் பிள்ளைக சிரிச்சாகளா?”

“ஒரு மாசம் சிரிச்சாக. அப்புறம் கணக்குச் சொல்லித்தரச் சொல்லி எங்கிட்டத்தான் வந்தாக.”

தகரப் பெட்டி தோளிலிருந்து இறங்கியது. இறக்கிய வேகத்தில் அது தரையில் பெரிய சத்தம் போட்டது. பொன்னழகு முதல் தடவையாகச் சிரித்தாள்.

குர்ஷித் பேகத்துக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பதினோரு வருஷமாக மூடி மூடி வைத்ததை நாலு பேர் முன்னால் போட்டு உடைத்ததில் இத்தனை நிம்மதி இருக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்றிருந்தது. எட்டாவது படிவத்தை எடுத்து மேசையில் விரித்து, மைப்பெட்டியைத் திறந்து அவர் பக்கம் தள்ளினாள்.

“பொண்ணோட அப்பா இங்க ரேகை வைக்கணும்யா.”

நாச்சிமுத்து மையில் விரலை ஒற்றினார். படிவத்தில் வைக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார்.

“நான் அப்பன் இல்ல தாயி, மாமனாரு. எம் மகன் போனப்ப இவளுக்குப் பதினாறு. ஒங்களுக்கு ஆறு வருசம் போச்சு. இவளுக்கு நாலு வருசத்தோட நிப்பாட்டி, திரும்பப் படிக்க அனுப்பிட்டேன்.”