நாலு கீழே, ரெண்டு மேலே

டைப்பிங் கடை அக்காவின் வேலையில் யாரும் குறை கண்டதில்லை. அதை அவளே தெருவுக்கெல்லாம் சொல்லிவிடுவாள். மாடிவீட்டு கெமிஸ்ட்ரி டீச்சர்தான் மூன்றாவது முறையாகப் போனில் பிடித்துக்கொண்டார்.

"நீங்க அனுப்பின ஃபைல்ல ஏழாம் பக்கம் சல்பேட் ஃபார்முலாவுல நாலு கீழேயும் இறங்கலை, ரெண்டு மேலேயும் ஏறலைம்மா."

"எல்லாம் ஏறி இறங்கித்தான் இருக்கு. கண்ணாடி போட்டுப் பாருங்க டீச்சர்!"

"எழுத்தைச் சின்னதாக்கி, இழுத்து வச்சு ஏமாத்தியிருக்கீங்க. அதுக்குன்னு இருக்கிற பட்டனை அழுத்துங்க. நாளைக்குப் பரீட்சை. மாத்தாம பிள்ளைங்களுக்குக் கேள்வித்தாளை அனுப்ப மாட்டேன்."

அக்காவுக்குச் சுர்ரென்றது. பிரிண்ட்டை முகத்துக்கு நேரே காட்டியே தீருவதென்று விறுவிறுவென மாடியேறினாள்.

டீச்சர் ஹெட்போனோடு கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தார். எதிரே மானிட்டர் அணைந்து கிடந்தது. அக்கா நீட்டிய தாளை அவர் வாங்கவே இல்லை.

"வந்துட்டீங்களா? நீங்களே கேளுங்க" என்று ஹெட்போனைக் கழற்றி நீட்டினார்.

கம்ப்யூட்டர் கணீரென்று வாசித்தது: "எஸ் ஓ நாற்பத்திரண்டு."

"பட்டனை அழுத்தினாதான் கீழே நாலு, மேலே ரெண்டுன்னு அது பிரிச்சுச் சொல்லும். என் பிள்ளைங்களும் என்னை மாதிரி காதாலதான் படிக்கிறாங்க. இல்லாத நாற்பத்திரண்டை எழுதி ஒருத்தரும் ஃபெயிலாகக் கூடாது."

அக்கா தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நகருங்க டீச்சர், முதல் பக்கத்திலேர்ந்து மாத்திடறேன். இந்த மானிட்டருக்கு சுவிட்ச் எங்கே?"

"அது வேலை செய்யுதான்னே எனக்குத் தெரியாதும்மா."