பூட்டு இருந்த இடம்

"பூட்டை வைச்ச இடம் பிழையாம். முதலாளி பிரெஞ்சில கத்துறான், நான் தலையைக் குனிஞ்சுகொண்டு நிக்கிறன். அகதிக் கேஸ் முடியமுந்தி இந்த வேலையும் போகவேணுமோ?" என்றாள் றோஸ்மேரி. மொன்றியல் டவுன்டவுனில் தான் தையல் வேலை செய்யும் பட்டறையில் கணவன் வலன்ரைனைச் சேர்த்துவிட்டவள் அவள்தான்.

வலன்ரைன் தான் செய்த பழங்காலத் துவக்கைத் தூக்கிக் காட்டினான். "எங்க பிழை? விசையை இழுத்தால் பூட்டில இருக்கிற கல்லு அடிபட்டு, நெருப்புப் பொறி நேரே மருந்துத் துளைக்குள்ள விழும். மன்னாரில பன்றி சுடுறதுக்கு எத்தினை இடியன் துவக்குச் செய்து குடுத்தனான். எனக்கோ பிழை பிடிக்கிறான்?"

"பூட்டைக் கழட்டுங்கோ. அது இருந்த குழிக்குள்ள மரத்துண்டு வைச்சு ஒட்டுங்கோ. பூட்டு ரெண்டு விரற்கடை பின்னுக்கு இருக்கவேணுமாம்."

"அப்ப பொறி துளைக்கு எட்டாது. வெடிக்காது."

"வெடிக்கக் கூடாது." தைத்துக்கொண்டிருந்த சிவப்புக் கோட்டை அவன் முன்னால் எறிந்தாள். "வெள்ளிக்கிழமை இதைப் போட்டுக்கொண்டு அந்தத் துவக்குக்கு முன்னால நிக்கப்போறவன் நாடகக்காரன்."

வலன்ரைன் துவக்கை மேசையில் வைத்தான். கோபம் மட்டும் இறங்கவில்லை.

"வெடிக்காத துவக்கும் இருக்கெண்டு எனக்கு ஆரப்பா சொன்னது?"