அதே நாற்காலி

“அவனை வேலையை விட்டு அனுப்பிடுங்க மேடம். இதுக்கு மேல என்னால முடியாது” என்றார் மேலாளர்.

அக்கா பேனாவை மூடி வைத்தாள். “அப்படி என்ன சார் பண்ணிட்டான்?”

“தினம் அதே நாற்காலிதான் வேணுங்கறான். மணி அடிச்சா காதைப் பொத்திக்கறான். யார் முகத்தையும் பார்க்கறதில்லை. அவன் நாற்காலியில வேற ஆள் இருந்தா, எழுந்திருன்னு சொல்லக்கூடத் தெரியாம அவங்க மேலயே உக்காந்துடறான். போன வாரம் யானை மேல உக்காந்தான்.”

“யானை ஒண்ணும் சொல்லலையே சார். அதுக்கு வசனம் எழுதினதே நான்தான்.”

அவன் ஒரு காண்டாமிருகம். கோட்டுப் போட்டுக்கொண்டு, காட்டு நூலகத்தில் புத்தகம் அடுக்கும் கார்ட்டூன் காண்டாமிருகம். அக்கா கதை எழுத, தம்பி படம் வரைய, மாடியில் இரண்டே அறைகளில் தயாராகி வாரம் ஒரு முறை மேலாளரின் சேனலில் வந்துபோய்க்கொண்டிருந்தான்.

“என் மனைவி ஸ்பெஷல் ஸ்கூல் டீச்சர். ஒரே ஒரு எபிசோடு பார்த்தா. இது அப்பட்டமா ஆட்டிசம்னுட்டா. குழந்தைங்களைக் கேலி பண்றீங்களான்னு நாளைக்கு நாலு பேர் சண்டைக்கு வந்தா யார் பதில் சொல்றது?”

“கேலி எங்கே சார் பண்றோம்? தொலைஞ்ச புத்தகத்தையெல்லாம் அவன்தானே கண்டுபிடிக்கறான்? அப்படிப் பார்த்தா ஒட்டகச்சிவிங்கிகூடத்தான். தையல் குத்துதுன்னு சாக்ஸைத் திருப்பித்தான் போட்டுக்குது.”

மேலாளர் யோசித்தார். “ஆமா, அதுவும்தான்.”

“ஆந்தை மூச்சு விடாம ரயிலைப் பத்தியே பேசுது.”

“அடக் கடவுளே, ஆந்தையுமா? அப்ப நரி?”

“நரி ஒண்ணுதான் சார் எல்லாரையும் மாதிரி இருக்கு. அதைத்தான் ஒரு குழந்தைக்கும் பிடிக்கலை.”

மேலாளர் சிரிக்கப் போய், சுதாரித்துக்கொண்டார். “பேச்சை மாத்தாதீங்க. நம்பற மாதிரியாவது இருக்கா? ‘கல்யாண வீட்ல சும்மா தலையைக் காட்டிட்டு வா’ன்னா, ஜன்னல் வழியாத் தலையை மட்டும் நீட்டிக் காட்டிட்டு வந்துடறான். உலகத்துல எந்த மனுஷன் அப்படிப் பண்ணுவான்?”

“அவன் மனுஷன் இல்லை சார். காண்டாமிருகம்.”

அம்மா இறந்த பிறகு அக்காவும் தம்பியும் இருந்த அந்த வீட்டில் பேச்சே நின்றுபோயிருந்தது. ஒரு நாள் தம்பி ஒரு காண்டாமிருகத்தை வரைந்து அவள் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். அவள் அதற்கு ஒரு கோட்டு வரைந்து மாட்டி, திருப்பிக் கொடுத்தாள். அப்படித்தான் இருவரும் மறுபடி பேச ஆரம்பித்தார்கள். இதையெல்லாம் ஒரு சேனல் மேலாளரிடம் எப்படிச் சொல்வது?

மேலாளர் மூலையில் படம் வரைந்துகொண்டிருந்த தம்பியின் பக்கம் திரும்பினார். “நீங்க ஏன் பேசாம இருக்கீங்க தம்பி? மனசுல படறதைச் சொல்லுங்க.”

“உங்க சட்டையில மூணாவது பொத்தானை நாலாவது ஓட்டையில போட்டிருக்கீங்க” என்றான் தம்பி. “நீங்க வந்ததுல இருந்து அதான் மனசுல படுது.”

மேலாளர் குனிந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “தமாஷான ஆளுதான் மேடம் உங்க தம்பி.” அக்கா சிரிக்கவில்லை.

பொத்தானைச் சரி செய்துகொண்டே எழுந்தார். “முடிவாச் சொல்லிடறேன் தம்பி. அடுத்த எபிசோடுல காண்டாமிருகத்தைக் கை கழுவி விடுங்க.”

“அது மட்டும் போதுமா?”

“அது போதும்.”

“சரி சார்” என்று தம்பி புதுத் தாளை எடுத்தான். அவன் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வான் என்று அக்கா நினைக்கவேயில்லை.

“இதை எழுத எனக்கு மனசு வரலைடா” என்றாள், மேலாளர் போன பிறகு. “நீயே பண்ணிடு.”

“வசனமே வேண்டாம்க்கா. சத்தம் மட்டும் போதும்.”

அந்த வாரம் முழுவதும் அவள் அவன் மேஜைப் பக்கமே போகவில்லை. மேலாளர் பார்க்க வந்த அன்று, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் ஓரமாக நின்றாள். தம்பி விளக்கை அணைத்தான்.

முதலில் காண்டாமிருகத்தின் காலடிச் சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. ஆற்றோடு அனுப்பிவிட்டான் பாவி என்று நினைத்தாள். அந்தக் கோட்டையாவது கழற்றி வைத்திருப்பானா?

பின்னால் மேலாளர் விம்முவது போல ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அப்புறம் அவர் நாற்காலியே கிறீச்சிட்டு ஆட ஆரம்பித்தது. அனுப்பச் சொன்னதும் இவர், அழுவதும் இவரா என்று அக்காவுக்கு எரிச்சலாக வந்தது.

விளக்கு எரிந்தது. மேலாளரின் முகம் சிவந்து, கன்னமெல்லாம் நனைந்திருந்தது. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அவனுக்குப் பின்னாடி வரிசையில நிக்குதே யானை... முடியலைப்பா” என்றவர், சட்டென்று நினைவு வந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். “அது சரி, நான் என்ன சொன்னேன், நீங்க என்ன பண்ணி வச்சிருக்கீங்க? காண்டாமிருகத்தைக் கை கழுவி விடச் சொன்னேனா இல்லையா?”

தம்பி, இன்று சரியாகப் போட்டிருந்த அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்தபடி பதில் சொன்னான்:

“கழுவி விட்டாச்சு சார். துடைக்கறது அடுத்த வாரம்.”