ஒரே இலக்கம்

பிரியாந்தினியின் பழைய சமூக வலைத்தளத்து நண்பர்களையெல்லாம் புதிய தளத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தான் கணவன் மோகனராஜ்.

"யாரு இந்த 'ஊர்க்குருவி'? நீ போடுற ஒவ்வொரு படத்துக்கும் வாழ்த்து எழுதியிருக்காரே?"

"தெரியாது. நேரில கண்டதில்லை."

அப்போது திரையில் ஒரு கேள்வி வந்தது. 'இந்த இருவருக்கும் தொலைபேசி இலக்கம் ஒன்றே. ஒரே ஆளாக இணைக்கவா?'

பிரியாந்தினி எட்டிப் பார்த்தாள். ஊர்க்குருவிக்குப் பக்கத்தில் இருந்த பெயர் தேவராசா. கண்டி ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்று, யாழ்ப்பாணத்திலிருந்து நான்கு வருடமாக அவளோடு ஒரு வார்த்தை பேசாத அப்பா.

"என்ன செய்ய?" என்றான் மோகனராஜ் மெதுவாக.

அவளே 'ஓம்' என்பதை அழுத்தினாள். பிறகு ஊர்க்குருவிக்கு எழுதினாள். "ஞாயிற்றுக்கிழமை கண்டிக்கு வாங்கோ, அப்பா."

வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது.

"எத்தினை மணி பஸ் எடுக்கவேணும், பிள்ளை?"